லாரி வந்த சேதி: தேசியப் பங்குச் சந்தையை வாசித்தல்

2022 பிப்ரவரியில் மயிலாப்பூரில் யாரைப் பார்த்தாலும் இமயமலை யோகியைப் பற்றித்தான் பேச்சு. தேசியப் பங்குச் சந்தையின் முன்னாள் நிர்வாக இயக்குநர் சித்ரா ராமகிருஷ்ணா, சந்தையின் உள்விவரங்களை முகம் தெரியாத ஒரு யோகியிடம் மின்னஞ்சலில் பகிர்ந்துகொண்டார் என்று அந்த மாதம் 11ஆம் தேதி செபி ஓர் ஆணை வெளியிட்டிருந்தது. காய்கறி வாங்க மாட வீதிக்குப் போனால் அங்கே யோகி. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யோகி. பங்கு என்றாலே சூதாட்டம் என்று சொல்கிற என் மாமியார்கூட, "யாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்று தினமும் கேட்டார்.

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஒரு மாத யோகி மழையில், அதற்கு முன்னால் பல வருடங்களாகக் கேட்கப்பட்டு வந்த ஒரு கேள்வி அடித்துக்கொண்டு போய்விட்டது. 2010 முதல் 2014 வரை அந்தச் சந்தையிலிருந்து விலைத் தகவல் யாருக்கு முதலில் போனது, ஏன் அவருக்கு முதலில் போனது? நமக்கு யோகியைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்பது என் கட்சி.

இந்தக் குறிப்புக்குக் காரணம், சுசேதா தலாலும் தேபாஷிஷ் பாசுவும் சேர்ந்து எழுதி 2021ல் வந்த 'அப்சல்யூட் பவர்' என்ற ஆங்கிலப் புத்தகம். தேசியப் பங்குச் சந்தை வளர்ந்த கதையையும் சறுக்கிய கதையையும் ஒன்றாகச் சொல்கிறது. இரண்டு முறை படித்தேன். பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒத்துப்போகாத ஓர் இடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். பங்குச் சந்தையில் நான் நிபுணன் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக சர்வர் பக்கம் கோட் எழுதிப் பிழைக்கிறவன்.

அப்பாவின் காகிதத் துண்டு

1993ல் அக்கா கல்யாணத்துக்காக அப்பா 100 பங்குகளை விற்றார். தி. நகரில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த ஒரு சப்-புரோக்கர் மூலமாக. அவர் யாருக்குச் சொன்னார், அந்த ஆர்டர் எங்கே போனது, ஒன்றும் தெரியாது. நாலு நாள் கழித்து ஒரு சீட்டு வந்தது: 197 ரூபாய். அன்றைய பேப்பரில் அந்தப் பங்கின் அதிகபட்ச விலை 212, குறைந்தபட்சம் 196 என்று போட்டிருந்தது. அப்பா அந்த வரியைக் கத்தரித்து சீட்டோடு குண்டூசியால் குத்தி வைத்தார். "எந்த விலைக்கு எப்போ வித்தான்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது, பதில் சொல்லத் தெரியவில்லை. வித்தியாசம் 1500 ரூபாய். ஜானவாசக் கார் வேண்டாம் என்று நிறுத்தியதில் மிச்சமானதும் ஏறக்குறைய அதே தொகைதான்.

அந்த சப்-புரோக்கர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே 197க்குத்தான் விற்றிருக்கலாம். அதைச் சரிபார்க்க வழியே கிடையாது, விஷயம் அவ்வளவுதான். பம்பாய் பங்குச் சந்தை 1875ல் தொடங்கியது. சென்னைக்கு 1937ல் தொடங்கிய மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்தது, செகண்ட் லைன் பீச்சில். தளத்தில் ஆட்கள் கூவி விலை பேசுவார்கள். வெளியே இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு சீட்டும் மறுநாள் பேப்பரும். சந்தைகளை நடத்தியவர்களும் தரகர்கள், அதில் வியாபாரம் செய்தவர்களும் தரகர்கள். பங்கு காகிதமாகக் கைமாறிய காலம் வேறு. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று டிரான்ஸ்ஃபர் ஃபாரம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

தேசியப் பங்குச் சந்தை ஹர்ஷத் மேத்தா மோசடிக்குப் பதிலாகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 'ஸ்கேம் 1992' தொடர் வந்தபிறகு அந்த நினைப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது. மோசடி வெளியே வந்தது 1992 ஏப்ரலில். புதிதாக ஒரு தேசியச் சந்தை வேண்டும் என்று பெர்வானி குழு சொன்னது 1991லேயே. மோசடி தள்ளிவிட்டது, அவ்வளவுதான். ஐடிபிஐ முன்னின்று, மற்ற நிதி நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு 1992 நவம்பரில் நிறுவனத்தைப் பதிவு செய்தது. ஐடிபிஐயிலிருந்து வந்த ஒரு சிறு குழு கட்டி எழுப்பியது. ஆர்.ஹெச். பாட்டீல் முதல் நிர்வாக இயக்குநர். சித்ரா ராமகிருஷ்ணாவும் அந்தத் தொடக்கக் குழுவில் இருந்தவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1994 நவம்பர் 3 அன்று பங்கு வியாபாரம் தொடங்கியது. ஒரே வருடத்தில், 119 வருடப் பழமையோடு எதிரே நின்ற பம்பாய் சந்தையை வியாபார அளவில் தாண்டிவிட்டது. இரண்டு விஷயங்கள் புதிது. ஒன்று, சந்தையின் உடைமையாளர் தரகர் இல்லை. இரண்டு, ஆர்டரைப் பொருத்துவது கம்ப்யூட்டர், அதற்கு ஒரே விதி: நல்ல விலை சொன்னவருக்கு முன்னுரிமை. விலை சமமாக இருந்தால் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. ஆர்டர் யாருடையது என்று எதிராளிக்குத் தெரியாது. ஒப்பந்தச் சீட்டில் ஆர்டர் எண், வியாபார எண், நேரம் எல்லாம் இருக்கும். அப்பா கேட்ட கேள்விக்கு ஒரு வருடம் தாமதமாக வந்த பதில் இது.

வானம் எல்லோருக்கும் ஒரே தூரம்

வேலையை வைத்து யோசித்தபோது எனக்குப் பட்ட ஒன்றை இங்கே சொல்கிறேன்.

அந்தக் காலத் தொலைபேசி லைனை நம்பி நாடு முழுக்கச் சந்தை நடத்த முடியாது. அதனால் தேசியப் பங்குச் சந்தை செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டது. தரகர் ஆபீஸ் மொட்டை மாடியில் விசாட் தட்டு. அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. சென்னையிலிருந்து போகும் ஆர்டர் 36,000 மேலே ஏறி, 36,000 கீழே இறங்கி மும்பைக்குப் போகும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கிட்டத்தட்ட கால் விநாடி. மும்பையிலேயே உட்கார்ந்து விசாட் வழியாக அனுப்புகிற தரகரின் ஆர்டரும் அதே 36,000 ஏறி இறங்கத்தான் வேண்டும். சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே இருக்கும் ஆயிரம் சொச்சம் கிலோமீட்டர் இந்தக் கணக்கில் கரைந்துபோகிறது. தி. நகர் மாடியும் தலால் தெரு மாடியும் வானத்துக்கு ஒரே தூரம்.

இந்தச் சமத்துவத்தை யாராவது திட்டமிட்டார்களா? என் கணிப்பு, இல்லை. நல்ல லைன் கிடைக்காததால் வானத்துக்குப் போனார்கள், சமத்துவம் இலவசமாகக் கிடைத்தது. ஆர்டர்களை எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்பது விதியில் இருந்தது. தகவல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை வானம் பார்த்துக்கொண்டது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான ஆபத்து. தேவைப் பட்டியலில் எழுதாத ஒன்று, பழைய குழாயின் புண்ணியத்தில் சரியாக நடந்துகொண்டிருக்கும். குழாயை மாற்றும் அன்று அது போய்விடும். எழுதி வைக்காததால் எந்தச் சோதனையிலும் மாட்டாது.

தெருப் பையனும் குடங்களும்

குழாய் மாறியது. கோ-லொகேஷன் வசதி வந்தது. பணம் கட்டினால் தரகர் தன் சர்வரைச் சந்தையின் கம்ப்யூட்டர் இருக்கும் கட்டிடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து ஃபைபர் வழியே மும்பைக்குப் போக ஒளிக்கு ஐந்து மில்லிசெகண்டாவது வேண்டும். அந்தக் கட்டிடத்துக்குள் மைக்ரோசெகண்டில் பேசுவார்கள். இதுவே நியாயமா என்பது தனி விவாதம். உலகின் பெரிய சந்தைகள் எல்லாம் இதை விற்கின்றன. சிறப்புத் தரிசன டிக்கெட் மாதிரி, விலைப் பலகை வெளியே தொங்குகிறது, கட்டினவர் கிட்டே போகிறார். பிரச்சினை டிக்கெட் வாங்கியவர்களுக்குள்ளேயே இருந்தது.

ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும், மாறும்போதும், ரத்தாகும்போதும் ஒரு தகவல் வெளியே போகும். இதை டிக்-பை-டிக் தரவு என்பார்கள். தேசியப் பங்குச் சந்தை அதை டிசிபி முறையில், ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக அனுப்பியது. காலையில் யார் முதலில் இணைகிறாரோ அவருக்கு முதலில், அடுத்து இணைந்தவருக்கு அடுத்து. செபி 2019 ஏப்ரல் 30 அன்று கொடுத்த ஆணையில் இது தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. வரிசையைக் கலைத்துப் போடும் ஏற்பாடும் இல்லை, சுமையைச் சமமாகப் பிரிக்கும் ஏற்பாடும் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க மெட்ரோ வாட்டர் லாரி போதும். கோடையில் எங்கள் தெருவில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போவோம். முதலில் வைத்த குடத்துக்கு முதலில் தண்ணீர். அது நியாயம், அதில் யாரும் கைவைக்க முடியாது, வைத்தால் தெருவே கூடிவிடும். ஆனால் லாரி எந்த முனையில் நிற்கப்போகிறது என்று தெரிந்தால்தானே குடத்தை அங்கே வைக்க முடியும்? அந்தச் சேதியைச் சொல்ல ஒரு பையன் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவனிடம் யார் முதலில் பேர் கொடுத்தாரோ அந்த வீட்டைத்தான் நாள் முழுக்க முதலில் தட்டுவான். ஐம்பதாவது வீட்டுக்காரர் குடத்தோடு வரும்போது நாற்பத்தொன்பது குடங்கள் நிற்கும். குடம் வரிசையில் ஒரு தவறும் இல்லை. விதி மீறவில்லை. இருந்தும் ஐம்பதாவது வீட்டில் தண்ணீர் இல்லை.

கூட்டம் குறைந்த பையன் எவன் என்று தெரிந்தால் அவனிடம் பேர் கொடுக்கலாம். மாற்று ஏற்பாடாக வைத்திருக்கும் இன்னொரு பையனிடமும் போகலாம். சிலர் அப்படித்தான் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

லாரி ஹாரன் அடித்தால் போதும், எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். நெட்வொர்க் பாஷையில் அதன் பேர் மல்ட்டிகாஸ்ட். 2014ல் தேசியப் பங்குச் சந்தை அதற்கு மாறியது. மல்ட்டிகாஸ்ட் ஒன்றும் 2014ல் கண்டுபிடித்த வித்தை கிடையாது.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பல திரைகளுக்கு ஒரே சமயத்தில் எண்களை அனுப்பும் ஒரு சர்வர் எழுதினேன். உள்ளே சாதாரண ஃபார் லூப். பட்டியலில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ஒவ்வொருவருக்காக அனுப்பும். ஆறு மாதம் கழித்து ஒருவர், "எனக்கு மட்டும் எப்பவும் லேட்டா வருது" என்றார். பார்த்தால் அவர் பட்டியலில் நாற்பதாவது. பட்டியலை ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு வரி. பணம் சம்பந்தப்பட்ட வேலை இல்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்கும்வரை நான் நியாயமற்ற ஒரு நிரலை எழுதியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

புத்தகத்தோடு ஒரு சண்டை

இனி புத்தகத்துக்கு வருகிறேன். அதன் துணைத் தலைப்பே கதையைச் சொல்லிவிடுகிறது: வியப்பான வெற்றி, அது கொண்டுவிட்ட இறுமாப்பு, கண்காணிக்க வேண்டியவரே கைக்குள் போனது, கடைசியில் அல்கோ ஊழல். நம்ம ஊர்ப் புராணத்தில் வருகிற அசுரன் கதையின் அமைப்பு. தவம் செய்தான், வரம் வாங்கினான், தலைக்கனம் ஏறியது, அழிந்தான். படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லும்போது 1994 நல்லவர்களின் காலமாகவும் 2010 கெட்டவர்களின் காலமாகவும் மனதில் பதிந்துவிடுகிறது. கட்டியவர்களும் பின்னால் நடத்தியவர்களும் பெரும்பாலும் அதே குழு என்று முன்னால் சொன்னேன் அல்லவா? மனிதர்களின் குணத்தை மட்டும் வைத்து இந்த மாற்றத்தை விளக்க முடியாது என்பது என் எண்ணம். முதல் சமத்துவத்தில் ஒரு பகுதி யாரும் திட்டமிடாமல் வந்தது. பின்னால் வந்த ஏற்றத்தாழ்வும் ஒரு லூப்பில் யாரும் திட்டமிடாமல் தொடங்கியிருக்கலாம். சமமாகச் சேர வேண்டும் என்று எழுதி வைக்காததுதான் மூலத் தவறு. அந்த வாக்கியம் எழுதப்படாதவரை, நாளைக்கு ரிஷிகளே வந்து சந்தையை நடத்தினாலும் இது மறுபடி நடக்கும்.

இந்த இடத்தில் புத்தக ஆசிரியர்கள் பக்கம் நின்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. லூப் தற்செயல். தவறு தெரிந்தபிறகு நடந்துகொள்வது தற்செயல் இல்லை. 2015 ஜனவரியில் பெயர் சொல்லாத ஒருவர் இதையெல்லாம் விளக்கி செபிக்குக் கடிதம் எழுதினார், ஒரு பிரதி சுசேதா தலாலுக்கு. ஜூன் மாதம் இருவரும் நடத்தும் 'மனிலைஃப்' இதழில் அது வெளிவந்தது. சந்தை 100 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டது. செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல், கட்டுரைக்குத் தடை கேட்ட மனுவைத் தள்ளியதோடு, சந்தை 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்றார். அதில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குப் போகச் சொன்னார். "எனக்கு மட்டும் லேட்டா வருது" என்று சொன்னவர் மேல் நான் வழக்குப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? இந்த இடத்தில் இறுமாப்பு என்ற சொல் மிகை இல்லை.

அதே 2015 மே மாதத்தில்தான் மெட்ராஸ் பங்குச் சந்தை வெளியேற செபி அனுமதித்தது. சொந்த மேடையில் ஆண்டுக்கு 1000 கோடி ரூபாய்க்கு வியாபாரம் இல்லாத சந்தைகள் மூடிக்கொள்ளலாம் என்ற 2012 கொள்கைப்படி. எனக்கு அதில் கண்ணீர் இல்லை, அப்பாவின் குண்டூசிச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனால் வரிசையின் பெயரால் பக்கத்தில் இருந்த சந்தையை முடித்துவைத்த நிறுவனம், அதே வருடம் தன் வரிசையைப் பற்றிக் கேட்டவரைக் கோர்ட்டுக்கு இழுத்தது. புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்தச் சண்டையை உள்ளிருந்து சொல்வது. ஆசிரியர்களே கதாபாத்திரங்கள் என்பதால் நடுநிலை எதிர்பார்க்க முடியாது, அவர்களும் அப்படி நடிக்கவில்லை.

வழக்கு எங்கே போய் நின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதெல்லாம் புத்தகம் வந்தபிறகு நடந்தது. 2019 ஆணையில் செபி 624.89 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொல்லியிருந்தது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டு, உரிய கவனம் செலுத்தாததற்காக 100 கோடி கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் செபி, கூட்டுச் சதி நடந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சந்தை மீதும் முன்னாள் அதிகாரிகள் மீதும் இருந்த அந்தக் குற்றச்சாட்டுகளை முடித்துவைத்தது. ஆக, சட்டத்தின் கணக்கில் மிஞ்சியது கவனக்குறைவு. சதிகாரர்களைத் தேடிப் போனவர்களுக்கு இது ஏமாற்றம். லூப்பைப் படித்தவனுக்கு ஆச்சரியம் இல்லை. நிரல் செய்த அநியாயத்துக்கு மனிதரின் உள்நோக்கத்தை ஆதாரமாகக் கேட்டால் கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் தண்ணீர் கிடைக்காத ஐம்பதாவது வீட்டுக்கு இதனால் என்ன ஆறுதல்?

அக்கா மகன்

கல்யாணத்துக்குப் பங்கு விற்றாரே, அந்த அக்காவின் மகன் இப்போது ஓ.எம்.ஆரில் வேலை செய்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது போனைக் காட்டினான். நிஃப்டி ஆப்ஷன். தாத்தா கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது: விலை, நேரம், ஆர்டர் எண், மேலே ஐந்து வரிசை வாங்குகிறவர், கீழே ஐந்து வரிசை விற்கிறவர். "எல்லாம் டிரான்ஸ்பரண்ட் மாமா," என்றான்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை அவனுக்குக் காட்டினேன். முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24ல் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் தரகு நிறுவனங்களும் வெளிநாட்டு நிதிகளும் சம்பாதித்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் அல்கோ மூலம் வந்தது. இது கோ-லொகேஷன் ஊழலால் வந்த நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு லாரி ஹாரன் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஹாரன் சத்தம் லாரிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கும் ஓ.எம்.ஆரில் போன் வைத்திருப்பவனுக்கும் ஒரே நேரத்தில் கேட்காது. அவனுக்குத் தெரியும் விலை எப்போதுமே கொஞ்சம் பழைய விலை. அப்பாவுக்கு நாலு நாள் பழசு, இவனுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. எதிரே இருக்கிறவனின் கடிகாரம் எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்பது இருவருக்குமே தெரியாது.

"அப்போ போடவே கூடாதா?" என்றான். பங்கை வாங்கிப் பத்து வருடம் வைத்திருப்பவனுக்கு மில்லிசெகண்ட் ஒரு பொருட்டில்லை, சாயங்காலம் முடிகிற ஆப்ஷனுக்கு அதுதான் எல்லாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனான். இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று அக்கா சொன்னாள்.

புத்தகத்தைப் படியுங்கள். படித்துவிட்டு 2019 செபி ஆணையையும் படியுங்கள், இலவசமாகக் கிடைக்கிறது. தொழில்நுட்பப் பகுதி வந்ததும் பலர் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். அங்கே தள்ளாதீர்கள். ஊரே யோகியைத் தேடிக்கொண்டிருந்தபோது யாரும் திருப்பிப் பார்க்காத பக்கங்கள் அவைதான். அடுத்த குறிப்பில் கிளியரிங் கார்ப்பரேஷன் பற்றி எழுதுகிறேன். விற்றவருக்குப் பணம் வந்து சேரும் என்பதற்கு யார் பொறுப்பு என்பது அப்பா கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி.